உப்புப் பார்க்கிற முறை

பிறை 1, ஞாயிறு

முதல் நோன்பு. கஞ்சியில் உப்பே இல்லை, வடையில் இரண்டு பங்கு. எங்கள் வீட்டுக்காரர் வடையைக் கஞ்சியில் பிய்த்துப் போட்டுச் சரிசெய்துகொண்டார். கொழுந்தனார் சாகுல்தான் கேட்டார், "என்ன மைனி, வடைய கடல் தண்ணியில ஊற வச்சியளா?"

எங்கள் மெத்தைக் கடைக்குப் பஞ்சு போடுகிறவர் கொடுத்த டைரி இது. விட்ட நோன்புகளை இத்தனை வருடமும் காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டு வைப்பேன். வருடம் முடிந்ததும் காலண்டர் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். பிறகு எத்தனை களா நோன்பு திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இந்த வருடமாவது ஒழுங்காக எழுதலாம் என்று எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் கோடு போட்டதோடு கை நிற்கவில்லை, வாயும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் அடுக்களையில் ஒரு முறை உண்டு. நோன்பு வைத்தவர்கள் உப்புப் பார்ப்பதில்லை. மாதவிலக்கானவளுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. அதற்கு எங்களுக்குள் 'லீவு' என்று பெயர். லீவில் இருப்பவள்தான் உப்புப் பார்ப்பாள். ஆண்கள் முன்னால் அவளும் உதட்டைக் காயவைத்துக்கொண்டு திரிவாள், விடியுமுன் சஹர் சோற்றுக்கு எழுந்து உட்காருவாள், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குப் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரோடும் காத்திருப்பாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடமாகிறது. இவர் இதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாதது போல இவர் இருக்கிறார், தெரியாது என்று நானும் இருக்கிறேன்.

இன்று மூன்று பேரில் யாரும் லீவில் இல்லை. நான், ஓர்ப்படியாள் ஜன்னத், மகள் ருகையா. ருகையாவை நேற்றுத்தான் மருமகன் பேட்டையிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனார். வியாழனானால் வந்து சனிக்கிழமை போவார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இந்த நோன்புக்கு உம்மா வீட்டில் கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை மெலிந்திருக்கிறாள்.

பிறை 4, புதன்

ஜன்னத் லீவு. கையில் அகப்பையோடு ராணி மாதிரி நிற்கிறாள். "ஆளுக்கொரு கரண்டி கொண்டாங்க, எல்லாத்துக்கும் நான்தான் தீர்ப்பு" என்கிறாள். வாழைக்காய் பஜ்ஜியில் உப்புப் பார்க்கிறேன் என்று ஐந்து தின்றாள். இன்று எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த முறை என்னுடையது. நாளையோ மறுநாளோ.

பிறை 6, வெள்ளி

வரவில்லை.

பிறை 8, ஞாயிறு

ஷஅபானிலும் வரவில்லை என்பது இன்றுதான் உறைத்தது. போன மாதம் வீடு வெள்ளையடித்த வேலையில் கவனிக்கவே இல்லை. காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். விலக்கான நாளுக்கு நான் போடும் கடைசிக் கோடு ஷஅபானுக்கு முந்தின ரஜப் பிறை ஐந்தில் இருக்கிறது.

சாயங்காலம் கஞ்சிக்கு வெந்தயமும் பூண்டும் வதங்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. நோன்புக் களைப்பு என்று முற்றத்தில் போய் நின்றேன். ஜன்னத்துக்குக் கண் முதுகிலும் உண்டு.

"என்ன லாத்தா, இந்தத் தடவ நீங்க லீவே கேக்கலையே?"

"நாப்பத்துமூணு வயசாச்சுல்லா. நின்னுருக்கும்."

"நிக்கதுக்கு ரெண்டு காரணம் உண்டு லாத்தா," என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ருகையா அடுப்பில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. ஆனால் ஒரு சமோசா கருகும் வரை அதைப் புரட்டவும் இல்லை.

ஜன்னத்தின் அக்காவுக்கு நாற்பத்திரண்டில் நின்றுவிட்டதாம். எனக்கும் அதுதான். அதுவாகத்தான் இருக்கும்.

பிறை 9, திங்கள்

இன்று நான் செய்த காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடுக்களைக்குள் நுழைந்து, "இன்னைக்கு உப்பு நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஜன்னத் முகம் விழுந்துவிட்டது. அவளுக்குப் பேச ஒரு விஷயம் போய்விட்டதே. ருகையா ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சுக்காகத்தான் சொன்னேன். அது கேட்டதும் எனக்கும் நிம்மதியாக இருந்தது.

நுனி நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று தெரியும். அப்படியே செய்தேன். ஜன்னத் பார்க்கும்போது விழுங்குகிற மாதிரி தொண்டையை மட்டும் அசைத்தேன்.

பிறை 10, செவ்வாய்

லீவு என்று சொன்னால் தொழக் கூடாது. நானோ லீவில் இல்லை, தொழாமல் இருக்க முடியாது. கடைக்குப் போக வேண்டிய இலவம்பஞ்சு மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லுஹர் தொழுதேன். ஊரில் எல்லாரும் ஒளிந்து தின்பார்கள், நான் ஒளிந்து தொழுகிறேன்.

தொழுகை முடிந்து சலாம் கொடுக்கும் நேரம் ருகையா கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னம்மா செய்தே?"

"கொசுவலை தேடுதேன்."

"தொழுக முக்காட்டோடயா?"

"பழக்கதோஷம்ளா. லீவுங்கதே மறந்து போச்சு."

முக்காட்டில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டுப் போனாள்.

பிறை 11, புதன்

தின்றுவிட்டேன்.

மதியம் ஆண்கள் கடைக்குப் போன பிறகு ஜன்னத் தட்டில் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நேத்தும் நீங்க சாப்ட்ட மாதிரி தெரியலையே லாத்தா. லீவுல பட்டினி கெடந்தா கூலியா கெடைக்கப் போவுது?" பாசத்தோடுதான் சொன்னாள். நேற்று 'அப்பவே சாப்ட்டாச்சு' என்று தப்பித்தேன். இன்று அவள் நகரவில்லை. பிசைந்தேன், உருட்டினேன், பிஸ்மி சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் சொல்லியே வாயில் வைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் பெரிய கேவலமாக இருக்கிறது.

இந்த நோன்பை எப்படி எழுதுவது? வயிற்றில் ஒன்று இருந்தால் எனக்குச் சலுகை உண்டு, பிறகு திருப்பிப் பிடித்தால் போதும். இல்லையென்றால் ஒரு பொய்யைக் காப்பாற்ற நோன்பை முறித்தவள் நான். இருந்தால் வெட்கம், இல்லாவிட்டால் பாவம். எதை வேண்டுவது? அடுத்த தெருவில் மார்க்கம் படித்த ஆலிமா இருக்கிறார். கேட்டால் சொல்வார். கேட்டது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

பேரன் எடுக்க வேண்டிய வயதில் பிள்ளை பெறுவதாவது! அதுவும் பெற்ற மகள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில்.

பிறை 14, சனி

என் 'லீவு' நேற்றோடு முடிந்தது. தலைக்குக் குளித்தேன். அதுவும் நடிப்பு.

எங்கள் தெரு மருந்துக் கடையில் நான் போய்ப் பரிசோதனை அட்டை கேட்டால், நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்துவிடும். பெருநாள் துணி எடுக்கிற சாக்கில் பாளையங்கோட்டைக்குப் போனேன். ருகையாவும் கூட வந்தாள். முன்பின் தெரியாத ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றேன். "என்ன வேணும்?" என்றார்கள். பக்கத்தில் இவள் நிற்கிறாள். தலைவலித் தைலம் வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று புட்டி இருக்கிறது.

ருகையாவுக்கு வெளிர் நீலத்தில் சுடிதார் எடுத்தோம். தளர்வாகத் தைக்கச் சொல்லலாமா என்று கடையில் கேட்டாள். "இப்பவே எதுக்குளா?" என்றேன். "சும்மாத்தான்" என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் நான்.

பிறை 15, ஞாயிறு

பாதி நோன்பு போய்விட்டது. தைல வாசனையும் ஆகவில்லை.

பிறை 17, செவ்வாய்

ருகையா லீவு.

காலையிலிருந்து குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கிற சத்தம் இல்லை. கதவுக்கு வெளியே நான் நின்றேன். தட்டக் கையெடுத்தேன், தட்டவில்லை. என்ன சொல்லித் தட்டுவது? அல்லாஹ் தருவான், பொறு என்றா? அவளுக்குத் தர வேண்டியதை வீடு மாறி எனக்குத் தந்துவிட்டானோ என்று எனக்கே பயமாக இருக்கும்போது அதை எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "உப்பு நான் பாக்கேன்" என்றாள். கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "போதும்" என்றாள். உப்பே போடவில்லை நாங்கள். நான் பிறகு போட்டேன்.

பிறை 20, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன். நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் வந்து இரண்டாம் சுற்று வடைக்கு உட்கார்ந்திருந்தார். தேங்காய்ச் சட்னியை வைத்துக்கொண்டே சொன்னேன். கையில் இருந்த வடையை அப்படியே தட்டில் வைத்தார். ஐம்பது வயது மனிதருக்குக் காது சிவக்கும் என்று இன்றுதான் பார்த்தேன்.

"நெசமாவா?"

"தெரியல. டாக்டர்ட்ட போனாத்தான் தெரியும்."

"மருமவன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். சட்னிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, "அல்லா குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா" என்றார். வடையை மறுபடி எடுத்தார். கடிக்கவில்லை. "ருகையாட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். இரவுத் தராவீஹ் தொழுகைக்கு இன்று வழக்கத்தைவிட அரைமணி முன்னாடியே கிளம்பிப் போய்விட்டார்.

பிறை 23, திங்கள்

முட்டுவலி என்று வீட்டில் சொல்லிவிட்டு இவரோடு போனேன். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பதினோரு வாரமாம். துடிப்பையும் கேட்க வைத்தார். தறி ஓடுகிற வேகத்தில் ஓடுகிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இருமலாக முடிந்தது.

"நோன்பா வைக்கிறீங்க? ரத்தம் இவ்வளவு குறைவா இருக்கு. முதல்ல சாப்பிடுங்க," என்று திட்டினார். அங்கேயே ஒரு பன்னும் பாலும் வாங்கித் தந்து முன்னால் நின்று தின்ன வைத்தார் இவர்.

"எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு. பொம்பளப்பிள்ள."

"கல்யாணம் ஆயிடுச்சா? அவங்களுக்குக் குழந்தை?"

பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இந்த வயதில் எதுவும் நிச்சயம் இல்லை, கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தைதான் ஓடியது. ஒரு வேளை

(இதற்கு மேல் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். நன்றாகவே அடித்திருக்கிறேன்.)

பிறை 24, செவ்வாய்

இப்போது எனக்கு நோன்பு விட முழு அனுமதி. ஆனால் லீவு என்று சொல்ல முடியாது. பத்து நாள் முன்னால்தான் லீவு முடிந்து குளித்தேன், ஜன்னத் விரல்விட்டு எண்ணிவிடுவாள். நோன்பிருந்தபோது தின்கிறவள் மாதிரி நடித்தேன். தின்ன வேண்டிய நேரத்தில் நோன்பாளி மாதிரி நடிக்கிறேன். எனக்கே தலை சுற்றுகிறது, இரத்தக் குறைவு மட்டும் காரணமில்லை.

பஞ்சு அறைதான் கதி. மூட்டைக்குப் பின்னால் பேரீச்சம்பழமும் ரொட்டியும் ஒளித்து வைத்தேன். ரொட்டியில் பஞ்சு ஒட்டி, தொண்டையில் சிக்கி, இருமலை அடக்கப் பட்ட பாடு பெரிது.

பிறை 26, வியாழன்

மதியம் பஞ்சு அறைக்குப் போனால் ஒரு தட்டு இருக்கிறது. மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடி, பக்கத்தில் சொம்பில் தண்ணீர். சோறு, முருங்கைக்கீரை, முட்டை, சின்னக் கிண்ணத்தில் கடல்பாசி. நான் வைக்கவில்லை.

பயத்தில் முதலில் வெளியே வந்துவிட்டேன். பிறகு பசித்தது. உள்ளே போய் உட்கார்ந்து சுத்தமாகத் தின்றேன். ஜன்னத் கண்டுபிடித்துவிட்டாள். வேறு யார்?

பிறை 27, வெள்ளி

மறுபடியும் தட்டு. இன்று ஈரல் வறுவல்.

ஜன்னத்திடம் மெல்ல விட்டுப் பார்த்தேன். "ஈரல் நல்லாருந்துச்சுளா."

"எந்த ஈரலு? நோன்பும் அதுவுமா ஈரல் கனவா லாத்தா?" என்றாள். அவளுக்கு நடிக்க வராது.

வீட்டில் மூன்று பெண்கள். அதில் ஒருத்தி நான்.

நேற்றிரவு லைலத்துல் கத்ர், கேட்டது கிடைக்கும் இரவு என்று எல்லாரும் விழித்திருந்து கேட்டோம். ருகையா வெகுநேரம் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவிலேயே கிடந்தாள். அவள் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறை 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மஃரிபுக்கு முன் எல்லாரும் விரிப்பில் உட்கார்ந்திருந்தோம். கஞ்சிக் கிண்ணம், பேரீச்சம்பழம், வடை, நன்னாரி சர்பத். பாங்குக்கு இன்னும் இரண்டு நிமிடம். எல்லாரும் கையேந்திக் கண்மூடி துஆ கேட்கிற நேரம். ருகையாவும் கேட்டுக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

"ஏட்டி! பாங்கு சொல்லலளா!" என்று ஜன்னத் கத்தினாள்.

"மறந்துட்டேன் சாச்சி."

பகலில் மறந்து குடித்தேன் என்றால் நம்பலாம். நோன்பு திறக்கும் விரிப்பில் உட்கார்ந்துகொண்டு யாராவது மறப்பார்களா? இவர் என்னைப் பார்த்தார். சாகுல் கடிகாரத்தைப் பார்த்தார். பாங்கு சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் வடை இறங்கவில்லை.

ஆண்கள் தராவீஹுக்குப் போன பிறகு, ஜன்னத்தும் பெண்கள் தொழுகைக்குப் போனாள். ருகையா மாடியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலயாளா உனக்கு?"

"பொறுத்திருந்தா அது கபூலாயிருக்கும்மா."

எனக்குப் புரியவில்லை. துணியை மடித்து மடித்து மறுபடி பிரித்தாள்.

"நோன்பாளி நோன்பு தொறக்கப் போற நேரத்துல கேக்குற துஆவ அல்லா தட்டமாட்டான், கபூலாக்கிடுவான்னு நீதான சொல்லித் தந்த?"

"ஆமா."

"நான் கேட்டுட்டேன். உனக்கும் அது தங்கக் கூடாதுன்னு கேட்டுட்டேன். வாய விட்டு வந்தப்பெறவுதான் என்ன கேட்டேன்னே தெரிஞ்சுச்சு. அத எப்படித் திருப்பி எடுக்கதுன்னு தெரியல. நோன்பாளியா இருந்தாத்தான அவன் எடுத்துக்கிடுவான்? அதான் தண்ணியக் குடிச்சிட்டேன்."

"உனக்கு எப்படிளா தெரியும்?" என்றேன்.

"முட்டுவலின்னு போயிட்டு வந்தியே, உன் பையில ஸ்கேன் படம் இருந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன். தட்டு வச்சதும் நாந்தாம்மா. கெட்டது கேட்டதும் நாந்தான். எது நான்னு எனக்கே தெரியல."

அடிக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கையாலேயே அவளை இழுத்து அணைக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தரையில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கபூலாயிருக்குமாம்மா?"

"ஆவாதுளா. நோன்பில்லாதவ கேட்டதுதான அது," என்றேன், பெரிய ஆலிமா மாதிரி.

இருபத்து மூன்றாம் பிறையில் நான் எழுதி அடித்ததும் அதே வரிதான். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? நான் அதை எழுதிய அன்று பன்னும் பாலும் தின்றிருந்தேன், நோன்பாளி இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிறை 29, ஞாயிறு

தட்டு இருந்தது. இன்று அவளே எதிரே உட்கார்ந்து தின்ன வைத்தாள். அவள் நோன்பு வைத்திருந்தாள்.

மஃரிபுக்குப் பிறகு பிறை தெரிந்துவிட்டது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் தொடங்கியது. ஜன்னத் வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு எல்லாரிடமும் எப்படிச் சொல்வது, யார் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா? இவரைக் கேட்டால், "நீ சொல்லு" என்கிறார். நான், "நீங்க சொல்லுங்க" என்கிறேன்.

ஷவ்வால் பிறை 1, திங்கள், பெருநாள்

தொழுகை முடிந்து ஆண்கள் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். மருமகனும் பேட்டையிலிருந்து வந்துவிட்டார். சேமியாவும் வட்டிலப்பமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். புதுப்புடவை சரசரக்க ஜன்னத் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"ஈத் முபாரக் லாத்தா!"

அவள் கட்டிப்பிடித்தால் விலா எலும்பு பேசும். நான் பின்வாங்குமுன் ருகையா குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா சாச்சி. உம்மா தனியா இல்ல."

"என்னளா சொல்லுதே?"

"எனக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப்போவுது. மூணு மாசம்."

முன்னறைக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். 'மூணு' என்ற இடத்தில் குரல் உடைந்தது, நிறுத்தாமல் முடித்தாள். அங்கே யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். இவராகத்தான் இருக்கும். ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், ருகையாவைப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சொல்ல வராததை என் பிள்ளை சொல்லிவிட்டாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் ஜன்னத்தை விலக்கிவிட்டு என்னிடம் வந்து, பக்கவாட்டில் நின்று, வயிறு படாமல் தோளோடு என்னை அணைத்தாள்.

"ஈத் முபாரக்மா," என்றாள். பிறகு காதில், "இப்ப நீ எனக்குக் கேளு."

கேட்டேன். சேமியாக் கை, முந்தானை நழுவிய தலை, நோன்பும் முடிந்துவிட்டது. இது சேருமா, சேராதா என்று ஒன்றும் யோசிக்காமல், அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டேன்.